பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல்

மேரிலாண்ட்
செப்டம்பர் 8

அன்புள்ள அக்கா,

லாராவும் நானும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படிகளில் ஏறாதே என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிக்காதே. காரணம் இருக்கிறது. உயர்கல்விக் கடன் விதிகளை எழுதும் அரசுக் குழுவில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிகளின் நிதியுதவி அலுவலர்கள் சார்பில் ஒரு நாற்காலி. இத்தனை வருஷமாக மாணவர்களுக்குக் கடன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவனை, விதியையே எழுதுகிற இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழு சம்பந்தமான மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்கிவிடுவார்களாம். தபால் உறையைக் கேட்க யாருக்கும் தோன்றாது. தவிர, போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது.

விஷயத்தைச் சொல்கிறேன். நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. இளங்கலைக்கு மேல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் கடன் வருகிற ஜூலையிலிருந்து பாதியாகக் குறையும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இன்னும் மூன்று வருஷம் பழைய அளவில் வாங்கலாம். சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. 'ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்' என்றால் யார்? அதை எழுதுவதுதான் எங்கள் வேலை.

நாங்கள் கை தூக்கி வாக்களிப்பதில்லை. கட்டைவிரலைக் காட்ட வேண்டும். மேலே என்றால் சம்மதம், கீழே என்றால் எதிர்ப்பு. பக்கவாட்டில் நீட்டினால் 'பிடிக்கவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். பக்கவாட்டு விரலும் சம்மதக் கணக்கில்தான் சேரும். ஒரே ஒரு விரல் கீழே போனாலும் ஒருமித்த முடிவு இல்லை என்றாகிவிடும். அப்புறம் கல்வித் துறை தன் இஷ்டத்துக்கு விதியை எழுதிக்கொள்ளலாம். அதனால் கீழே காட்ட எல்லோருக்கும் பயம்.

என் குடும்பத்தில் யாருக்காவது இந்த விதியால் லாபமோ நஷ்டமோ உண்டா என்று கேட்டு, எழுதி வாங்கினார்கள். வர்ஷினியைப் பற்றிச் சொன்னேன். நீ இங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தபோது பிறந்தவள், அதனால் அமெரிக்கக் குடியுரிமை, அதனால் கடன். ஒஹையோவில் பிசியோதெரபி இரண்டாம் வருஷம், ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அப்படியானால் நீங்கள் எப்படி எழுதினாலும் அவருக்குப் பழைய விதிதான். நீங்கள் உட்காரலாம்" என்றார் வழக்கறிஞர். மருமகள் ஒழுங்காகப் படிப்பதால் மாமனுக்கு நாற்காலி கிடைத்தது என்று அவளிடம் சொல். என் செய்திகளுக்கு அவள் பதிலே போடுவதில்லை.

உன் தம்பி
ஹரி


பாரிஸ்
செப்டம்பர் 24

அன்புள்ள ஹரி,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தையும் உன் மனைவி நலத்தையும் அப்படியே கேட்டு எழுதுகிறேன்.

கட்டைவிரல் கதையை இராஜதுரையிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா, லா ஷாப்பல் மெட்ரோவுக்குக் கீழே இறங்கினதும் காய்கறிக் கடை வைத்திருக்கிறாரே, போன தடவை உனக்கு முருங்கைக்காயை இனாமாகக் கொடுத்தவர். ஊர்ச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"இதிலை என்ன புதினம் அக்கா? எங்கட சங்கத்திலையும் உதுதான். தலைவர், 'ஆருக்கேனும் மறுப்பு இருக்கோ' எண்டு கேப்பார். எல்லாரும் வடைத் தட்டைப் பாப்பினம். நான் 'ஏகமனதாய் நிறைவேறியது' எண்டு எழுதிப்போடுவன்."

"மறுப்பு இருக்கிறவங்க?"

"அவை வடை முடிஞ்சாப் பிறகு வெளியிலை நிண்டு கதைப்பினம்."

உன் அமெரிக்க முறைக்கும் இதற்கும் வடைதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. நானும் இங்கே பல வருஷமாகக் கல்விப் புள்ளிவிவரங்களை அட்டவணை போட்டு அமைச்சகத்துக்கு அனுப்புகிறேன். முடிவை எடுத்துவிட்டுத்தான் அட்டவணை கேட்பார்கள். முடிவுக்குப் பொருந்தாத அட்டவணையைப் பின்னிணைப்பில் போடுவார்கள். நீ போய் உட்கார். ஆனால் நீதான் எழுதுகிறாய் என்று நினைத்துக்கொள்ளாதே.

விரல் விஷயத்தில் உனக்குப் பழக்கம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அப்பா சினிமாவா சர்க்கஸா என்று கேட்டால், எது என்றாலும் சரி என்று நிற்பாய். பிறகு ராத்திரி முழுக்க அழுவாய்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வலது தோளில் சுளுக்கு. வீடியோ காலுக்குக் கூப்பிடாதே, என் போனில் கேமரா சரியில்லை. வர்ஷினிக்கு வேலை அதிகம். நன்றாக இருக்கிறாள்.

அன்புடன்
சாரதா


மேரிலாண்ட்
அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

இருவரும் நலமாக இருக்கிறோம். நீ தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? 'இங்கே எல்லோரும்' என்று எழுதியிருக்கிறாய். நீ ஒருத்தி இருக்கும் வீட்டில் எல்லோரும் யார்? பூனை வளர்க்கிறாயா?

முதல் அமர்வு முடிந்தது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, கொடி, தண்ணீர்க் குப்பிகள். வடை இல்லை. துறையின் பிரதிநிதி மிக மரியாதையான மனிதர். யார் பேசினாலும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, பழைய வாக்கியத்தையே திரும்பத் திரையில் போடுவார்.

சண்டை இப்போது ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. 'இடைவிடாமல்'. ஏற்கெனவே சேர்ந்து இடைவிடாமல் படிப்பவர்களுக்கு மட்டும்தான் பழைய கடன் என்கிறது துறை. ஒரு பருவம் விடுப்பில் போனாலும் சலுகை போய்விடும். பகுதி நேரமாகப் படிப்பவர்களும் 'இடைவிடாமல்' என்பதில் சேர மாட்டார்களாம். அது பெரிய கூட்டம், பெரும்பாலும் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் சிலர், விடுப்பில் போனவர்களை விட்டுக்கொடுத்துவிட்டுப் பகுதி நேரக்காரர்களைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். எனக்கு மாற்றாளாக இருப்பவர் முதல் நாளே அதைத்தான் சொன்னார். மாணவர்கள் சார்பில் வந்திருக்கும் ஜோனத்தான் மட்டும் இரண்டையும் விடக்கூடாது என்கிறான். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

உன்னிடம் ஒரு கேள்வி. படிப்பின் நடுவில் விடுப்பு எடுப்பவர்கள் யார், எதற்காக எடுக்கிறார்கள்? உன் அட்டவணைகளில் இருக்குமே. மிகக் கொஞ்சம் பேர்தான், விட்டால் விட்டதுதான் என்று எனக்கும் சில நேரம் தோன்றுகிறது. சீக்கிரம் எழுது. நவம்பர் இரண்டாம் வாரம் வாக்கெடுப்பு.

ஹரி


பாரிஸ்
அக்டோபர் 20
(தபாலில் சேர்க்காதது)

ஹரி,

மேலே நலம் என்று எழுதி அடித்திருக்கிறேன்.

பூனை இல்லை. வர்ஷினி இங்கே இருக்கிறாள். ஆகஸ்டில் என் வலது மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, செப்டம்பர் தொடக்கத்தில் அறுத்து எடுத்தார்கள். தோள் சுளுக்கு என்றது அதுதான். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். முடி போய்விட்டது. அதுதான் கேமரா.

கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம் அவள் விமானம் ஏறி வந்துவிட்டாள். நான் வரச் சொல்லவில்லை. வராதே என்று அழுத்தியும் சொல்லவில்லை. ஒரு பருவம்தானே, ஜனவரியில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தோம். நீ சொல்லும் மிகக் கொஞ்சம் பேரில் ஒருத்தி இப்போது எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தை அவளும் படித்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடும்மா."

"சொன்னா அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும். உனக்குப் பாதிப்பில்லைன்னு எழுதிக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கான்."

"எழுந்திருக்கட்டுமே."

"அப்புறம் அந்த மாற்றாள் உட்காருவாங்க. உன்னை விட்டுக்கொடுக்கலாம்னு முதல் நாளே சொன்னவங்க. ஹரி அங்க இருக்கிறதுதான் உனக்கு நல்லது."

"மாமாக்கு நான் இங்க இருக்கேன்னே தெரியாது. அப்புறம் எனக்காக எப்படிம்மா பேசுவார்? நேம்போர்த் குவா."

அபத்தம் என்று அர்த்தம்; கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். பிறகு அரை மணி நேரம் பிரெஞ்சில் திட்டினாள். அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. சொன்னால் நீ இல்லாமல் போவாய். சொல்லாவிட்டால் நீயே உன் கையால் அவளை வெளியே தள்ளலாம். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சரியாகப் படுகிறது. எதைச் செய்தாலும் அவள் படிப்பு போகிற மாதிரியே தெரிகிறது. எனக்கு நோய்கூட இவ்வளவு பயமாக இல்லை, ஹரி. நான் செத்தால் செத்ததுதான். அவள் என்னால் பாதியில் நின்றாள் என்பதோடு நான் எப்படி


பாரிஸ்
நவம்பர் 1

அன்புள்ள ஹரி,

உன் நலமும் லாராவின் நலமும் வேண்டுகிறேன். நான் நலம்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அலுவலகத்தில் நெருக்கடி.

நீ கேட்டதற்குப் பதில். விடுப்பு எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் ஒரே மாதிரியானவர்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. சோம்பேறிகள் விடுப்பு எடுப்பதில்லை, அவர்கள் வகுப்பில் பேர் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள், அவர்கள் உன் துறையின் கணக்கில் 'இடைவிடாமல்' படிப்பவர்கள். நான் இந்த எண்களோடு ரொம்ப நாள் வேலை செய்திருக்கிறேன். நீங்கள் இடைவெளி என்று எழுதும் இடம் காலி இடமல்ல. அங்கே ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கீழே காட்டினால் எல்லாம் கலையும் என்று எழுதியிருந்தாய். தெரியும். அதைச் செய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விரலைக் காட்டுவதற்கு முன்னால் பேசலாம் அல்லவா? பேசு. சின்ன வயதில் மாதிரி எது என்றாலும் சரி என்று நிற்காதே. நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. அவர்களை மட்டும் விட்டுக்கொடுக்காதே, ஹரி.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

சாரதா


மேரிலாண்ட்
நவம்பர் 16

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். லாராவுக்கு லேசான ஜலதோஷம். நீ கம்பளிக் கையுறை போட்டுக்கொள்.

உன் கடிதம் வாக்கெடுப்புக்கு முந்தின நாள் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

பேசினேன், அக்கா. நீ எழுதியதைத்தான் பேசினேன். விடுப்பில் போகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள் என்றேன். துறையின் பிரதிநிதி கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, "உங்களிடம் உதாரணம் இருக்கிறதா? உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு மாணவி?" என்று கேட்டார். எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கல்லூரி சிறியது. ஒருத்தியின் பேர் தெரிந்திருந்தால் அந்த நிமிஷம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்னும் தோன்றுகிறது. "பொதுவாகச் சொல்கிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி வரைவைத் திரையில் போட்டார். பகுதி நேரக்காரர்கள் உள்ளே. விடுப்பில் போனவர்கள் வெளியே. "ஒருமித்த முடிவு வராவிட்டால் பகுதி நேரக்காரர்களைப் பற்றியும் நாங்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

விரல் காட்டும் முறை இடது பக்கத்திலிருந்து வந்தது. மேலே, மேலே, பக்கவாட்டில், மேலே. ஜோனத்தான் என் பக்கம் குனிந்து, "நீங்கள் கீழே காட்டினால் நானும் காட்டுவேன்" என்றான். அவன் விரல் மடங்கியபடியே இருந்தது. எனக்குப் பகுதி நேரக்காரர்களின் முகங்கள் தெரியும். என் அலுவலக வரிசையில் தினமும் நிற்கிறார்கள், ராத்திரி வேலை முடித்து நேராக வருகிறவர்கள். நீ சொன்னவர்களின் முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பக்கவாட்டில் காட்டினேன். ஜோனத்தானும் அப்படியே காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டி எழுது. நீ இவ்வளவு ஆவேசமாக எதற்கும் எழுதி நான் பார்த்ததில்லை. வர்ஷினி நல்லவேளையாக இதில் எதிலும் இல்லை.

உன் தம்பி
ஹரி


மேரிலாண்ட்
ஜனவரி 10

அன்புள்ள அக்கா,

புது வருஷம் பிறந்துவிட்டது. நாங்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நவம்பர் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. 'வேலையாக இருக்கிறேன்' என்று குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. கோபம் என்றால் சொல்லிவிடு.

வரைவு அரசிதழில் வெளியாகிவிட்டது. முப்பது நாள் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம், பேர்கூடப் போட வேண்டியதில்லை. முக்கியமான கருத்துகளுக்குத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும், இறுதி விதியின் முன்னுரையில் அச்சாகும். சில சமயம் அதனால் ஒரு சொல் மாறியிருக்கிறது. நீ நம்ப மாட்டாய். ஆனாலும் நீ எனக்கு எழுதியதை அங்கே எழுதலாம். எண்களோடு.

ஏப்ரல் விடுமுறையில் நான் பாரிஸ் வரட்டுமா? லாராவுக்கு வேலை. நான் மட்டும்.

ஹரி


பாரிஸ்
ஜனவரி 27

அன்புள்ள ஹரி,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

கோபம் இல்லை. நீ செய்தது கணக்குப்படி சரி. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

ஏப்ரலில் வராதே. கட்டிடத்தில் குழாய் மாற்றுகிறார்கள், வீடு முழுக்கத் தூசி.

பொதுமக்கள் கருத்து என்று எழுதியிருந்தாய். இராஜதுரையின் சங்கத்தில் இதற்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன், அவர் சிரிக்கிறார். "திறப்பு துலைஞ்சு ரெண்டு வருசம் அக்கா. ஆனால் ஆக்கள் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

அவர் இப்போதெல்லாம் காய்கறியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார். நல்ல மனிதர்.

சாரதா


மேரிலாண்ட்
ஏப்ரல் 22

அக்கா,

சௌக்கியம் விசாரிக்க எனக்கு நா எழவில்லை.

இறுதி விதி நேற்று வெளிவந்தது. முன்னுரை நானூறு பக்கம். எங்கள் பிரிவை மட்டும் படித்துவிட்டு மூடிவிடலாம் என்றிருந்தேன். அதில் இந்தப் பத்தி இருக்கிறது. அப்படியே தமிழில் தருகிறேன்.

'கருத்து: ஒரு கருத்தாளர், விதியில் இடைவெளி என்று குறிப்பிடப்படும் இடம் காலி இடமல்ல என்றும், அங்கே ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் எழுதினார். பதில்: கருத்தாளருக்குத் துறை நன்றி தெரிவிக்கிறது. எனினும் இந்த வரையறையைக் குழுவின் எல்லா உறுப்பினர்களும் ஏற்றுக்கொண்டுள்ளதால், மாற்றம் தேவையில்லை என்று துறை கருதுகிறது.'

உன் வாக்கியம். முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அக்கா எழுதியே விட்டாள், அவர்கள் அச்சிலும் போட்டுவிட்டார்கள் என்று. லாராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பதிலைப் படித்தேன். குழுவின் எல்லா உறுப்பினர்களும். என் விரலை எடுத்து உனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முழுக் கருத்தையும் இணையத்தில் தேடினேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. பேர் இல்லாத ஒன்று. 'எனக்கு வயது நாற்பத்தொன்பது. மார்பகப் புற்றுநோய். என் மகள் பிசியோதெரபி மாணவி. என்னைக் கவனிக்க ஒரு பருவம் விடுப்பு எடுத்தாள்.' மூன்று பக்கம். எண்கள், அடிக்குறிப்புகள். கடைசியில் ஒரே ஒரு வரி: 'அவளைத் திரும்ப உள்ளே விடுங்கள் என்று கெஞ்சுகிறேன்.' நீ கெஞ்சுவாய் என்று எனக்குத் தெரியாது, அக்கா.

உனக்கு என்ன வந்தது என்று அரசாங்கத்தின் இணையதளத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் மட்டும் படிக்கவில்லை, மூன்று மாதமாக.

'உங்களிடம் உதாரணம் இருக்கிறதா' என்று அவர் கேட்டபோது உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? வர்ஷினி படிக்க வங்கியில் தனிக்கடன் வாங்கினால் நான் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன். வர்ஷினி எங்கே? நீ எங்கே? எந்த ஆஸ்பத்திரி? உண்மையைச் சொல்.

ஹரி


பாரிஸ்
மே 3

அன்புள்ள ஹரி,

நீ கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல வர்ஷினி எழுதுகிறாள். அவள் தமிழில் பிழை இருந்தால் அது அவளுடையது. (இல்லை, அம்மாவுடையது. வ.)

எனக்கு உடம்பு சரியில்லை. மார்ச்சில் ஈரலில் தெரிந்தது. வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள். மருத்துவர் ஆனைஸ் என்ற சின்னப் பெண். எவ்வளவு காலம் என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். வருகிற வாரம் முதல் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக மாறி மாறி இருப்பேன்.

வர்ஷினி ஜனவரியில் திரும்பவில்லை. சேர்ந்தாலும் ஜூலையிலிருந்து பாதிக் கடன்தான், வெளியே போன மாதிரிதான் என்று தெரிந்துவிட்டது. புறநகரில், கார்ஜ் லே கொனெஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டிவிடுகிறாள். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் வருகிறாள். இரண்டாம் வருஷப் பிசியோதெரபி மாணவி. அங்கே ஒரு கிழவருக்கு முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாளாம், மேலாளர் அது உன் வேலை இல்லை என்றாராம். இராஜதுரை என்னிடம், "பெட்டை படிப்பை விட்டிட்டு ஏன் இஞ்சை நிக்கிறா எண்டு நான் கேக்கேல்லை அக்கா, நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ எழுந்தால் அந்த மாற்றாள் உட்காருவார், அவர் விட்டுக்கொடுப்பார் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பு இல்லை. எல்லாவற்றையும் சரியாகக் கணக்குப் போட்டு, ஒரு பக்கமும் சாயாமல், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்னைச் சின்ன வயதுப் பழக்கம் என்று கேலி செய்தேன். உன் வாக்கெடுப்பு முடியும் வரை என் விரல் எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

கருத்து எழுதினது நம்பிக்கையால் அல்ல. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. பேர் போட வேண்டியதில்லை என்று நீதானே எழுதியிருந்தாய்.

ஜாமீன் கையெழுத்துப் போடு. நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அவள் இடத்தைக் கல்லூரி செப்டம்பர் வரை வைத்திருக்கும், அதற்குப் பிறகு முதலிலிருந்து சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. அவள் போக மாட்டேன் என்கிறாள். நேற்றும் கேட்டேன். "நான் போனா உன் பக்கத்துல யாரும்மா?" என்கிறாள். (இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அம்மா எழுதச் சொல்கிறாள். வ.)

குழாய் எதுவும் மாற்றவில்லை, தூசியும் இல்லை. ஆகஸ்டுக்குள் வா. லாராவிடம் சொல்லி நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வா. என் தலைமாட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது. நீ வந்து அதில் உட்கார். அவள் எழுந்து போகட்டும்.

சாரதா